ஆறேகால் வேனும் கைப்பேசி நாட்காட்டியும்

ஐந்தாம் படிவ மாணவியின் பள்ளி அட்டவணை காலை ஏழரைக்குத் தொடங்குகிறது. அவள் நாள் ஐந்தரைக்கே தொடங்கிவிடுகிறது. தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஈப்போ ஒன்றும் தூரமில்லை, காரில் போனால் அரை மணிக்குள் போய்விடலாம். பள்ளி வேனில் போனால் கதை வேறு. அது ஒவ்வொரு தாமான் குடியிருப்புக்குள்ளும் நுழைந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. ஆறேகாலுக்கு முதல் ஆளாக ஏறுகிறவள்தான் பிற்பகலில் கடைசி ஆளாக இறங்குகிறவள். நாட்காட்டியில் முதலில் போட வேண்டியது இயற்பியல் அல்ல, இந்த வேன்தான் என்று அண்ணன் மகளிடம் சொன்னேன்.

"வேன எதுக்கு சித்தப்பா எழுதணும்? அது தெனமும்தான வருது?"

தினமும் வருவதால்தான் எழுத வேண்டும். போகிற நேரமும் வருகிற நேரமும் கட்டங்களாக ஏறிய பிறகு, திரையில் மிச்சமிருந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு நாலு டியூஷன் என்றிருந்த திட்டத்தை அவளே இரண்டாக்கிக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

*

ஆறேகாலுக்கு இங்கே கும்மிருட்டு. ஈப்போவில் சூரியன் எழுவது ஏழு மணியை ஒட்டி, பல மாதங்களில் அதையும் தாண்டி. தீபகற்பத்தின் கடிகாரம் 1982 ஜனவரி 1-இல் அரை மணி முன்னே தள்ளப்பட்டது, சபா, சரவாக்கோடு ஒரே நேரம் இருக்கட்டும் என்று. அதற்கு முன் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால் இருந்தோம். ஜப்பான்காரன் காலத்தில் தோக்கியோ நேரம், அதாவது ஒன்பது மணி முன்னால். இந்த மாற்றங்கள் எல்லாம் கணினிகளும் கைப்பேசிகளும் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. நம் பிள்ளைகளின் பாடநூலில் அந்த வரலாறு இத்தனை துல்லியமாக இருக்குமா என்பது சந்தேகம்.

அம்மாவின் தினக்காட்டியில் திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. அது சூரியன் ஆறு மணிக்கு எழுகிற கணக்கு. சூரியனை வைத்துப் பார்த்தால் நம் ஊரில் எட்டரைக்கு மேல்தான் தொடங்கும். இதை நான் அம்மாவிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் திங்கட்கிழமைத் தேர்வெல்லாம் ராகு காலத்தில் விழுந்துவிடும்.

*

தமிழ் வகுப்பு. பள்ளி அட்டவணையில் இல்லாத பாடம்.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும். எந்த நேரத்தில் என்பதில்தான் சங்கடம். இடைநிலைப்பள்ளிகள் பலவற்றில் அது பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையோதான் நடக்கிறது. பிற்பகல் வகுப்பு என்றால் வேன் காத்திருக்காது. தமிழ் இருக்கிற நாளில் யாராவது போய் அழைத்து வர வேண்டும். அண்ணனுக்குப் பகல் வேலை என்றால் அதுவும் இல்லை. ஆசிரியருக்கு வேறொரு கூட்டம் வந்தால் வகுப்பு நாள் மாறும், செய்தி முந்தைய நாள் இரவு புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும், நூறு வாழ்த்துப் படங்களுக்கு நடுவில்.

தமிழை எஸ்.பி.எம். தேர்வு வரை கொண்டுபோகாமல் விடும் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ஆர்வமில்லை, வீட்டில் ஊக்கமில்லை என்கிறோம். பாதி இடங்களில் காரணம் போக்குவரத்து என்பது என் கணிப்பு. கூட்டம் போட்டுத் தமிழுணர்வு பேசுகிறவர்கள் ஒரு வேனுக்குப் பெட்ரோல் போட்டால் நாலு பிள்ளைகள் கூடுதலாகத் தமிழ்த் தேர்வில் உட்காருவார்கள்.

2009-இல் கல்வியமைச்சு எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தோடு நிறுத்த முனைந்தது. தமிழும் தமிழ் இலக்கியமும் வெளியே தள்ளப்படும் என்று எதிர்ப்பு எழுந்தது. பிறகு பன்னிரண்டு வரை எடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். எடுக்க அனுமதி கிடைத்தது, படிக்க நேரத்தை அவரவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே இவள் நாட்காட்டியில் தமிழ் வகுப்பு தனித்த இரண்டு பதிவு: ஒன்று வகுப்பு, அதன் வாலாக "யார் அழைத்து வருவது". இரண்டாவதில் ஒரு பெயர் விழாதவரை முதலாவது உறுதியில்லை.

*

அண்ணனுக்கு தாசேக் பக்கம் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு, வாரம் மாறி வாரம். இதை எழுதிவைக்க முடியாது என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். முடியும். காலை ஷிப்டு, பிற்பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று மூன்று பதிவு. ஒவ்வொன்றும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வரும்படி, தொடக்கம் மட்டும் அடுத்தடுத்த வாரத்தில். ஆண்டு முழுக்க ஒரே மூச்சில் நிரம்பிவிடுகிறது.

இதில் பார்க்க வேண்டியது ஷிப்டு நேரத்தை விட, அண்ணன் தூங்கும் நேரம். இரவு ஷிப்டு வாரத்தில் அவர் பகலில் உறங்குவார். அந்த வாரம் வீட்டில் வாய்விட்டுப் படிக்க முடியாது. வாய்மொழித் தேர்வுப் பயிற்சி, மனப்பாடம் எல்லாம் மற்ற இரண்டு வாரங்களுக்கு, சத்தமில்லாத கணக்கு இந்த வாரத்துக்கு. மாணவர்களுக்கான எந்தத் திட்டமிடல் கையேட்டிலும் இந்தப் பிரிவு இருக்காது. சின்ன வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

*

இவள் வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஒரு விஷயம். இவர்கள் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, 2020 மார்ச் 18-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். எழுத வேண்டியவர்கள். 2021-இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் படிவத்தில் பி.டி.3 எழுத வேண்டியவர்கள். அது 2022-இல் போனது. ஆக, எஸ்.பி.எம்.தான் இவர்கள் வாழ்க்கையின் முதல் பொதுத்தேர்வு. பன்னிரண்டு வயதில் ஒருமுறை, பதினைந்தில் ஒருமுறை என்று ஒரு தேதியை நோக்கி நாளை எண்ணிப் படித்த பழக்கம் எங்களுக்கு இருந்தது. இவர்களுக்கு அது பதினேழு வயதில்தான் முதன்முறை. தேர்வுகளை எடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை, யு.பி.எஸ்.ஆர். முடிவு நாளில் அழுத பிள்ளைகளைப் பார்த்தவன் நான். ஆனால் "பொறுப்பே இல்லை" என்று இந்தத் தலைமுறையைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கலாம்.

பள்ளி ஆண்டும் இவர்கள் காலடியில் நகர்ந்துகொண்டே இருந்தது. ஜனவரியில் தொடங்கிய ஆண்டு பெருந்தொற்றுக்குப் பின் மார்ச்சுக்குப் போனது, 2025-இல் பிப்ரவரிக்கு வந்தது, 2026-இல் மறுபடி ஜனவரி. 2024-ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வு 2025 ஜனவரியில் நடந்தது, 2025-க்கானது அதே ஆண்டு நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. அக்காவின் பழைய திட்டத்தைத் தங்கை அப்படியே நகல் எடுக்க முடியாது.

*

பள்ளி விடுமுறைப் பட்டியல் படமாகப் புலனத்தில் சுற்றும்போது கவனிக்க வேண்டியது: 'ஏ' குழுவா, 'பி' குழுவா. வெள்ளி, சனி வார விடுமுறை உள்ள கெடா, கிளந்தான், திரங்கானு முதல் குழு. பேரா இரண்டாவது. ஒருநாள் வித்தியாசம்தான், ஆனால் பள்ளி திறக்கும் நாளில் அந்த ஒருநாள் பெரிது.

*

நிறங்கள். ஆரம்பத்தில் பாடத்துக்கு ஒரு நிறம் வைத்தாள். பார்க்க அழகாக இருந்தது, ஒன்றும் புரியவில்லை. இப்போது மூன்றே நிறம்: என்னால் மாற்ற முடியாதது, நான் மாற்றலாம், மற்றவரைப் பொறுத்தது. தமிழ் வகுப்பு மூன்றாவது நிறத்தில் இருக்கிறது.

*

தைப்பூசத்தை "ஆண்டுதோறும்" என்று போட்டு வைத்திருந்தாள். 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. தேதியைப் பிடித்துக்கொண்டால் நடக்காது. மின் நாட்காட்டிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம் 1998-இல் வகுக்கப்பட்டது. "ஒவ்வொரு செவ்வாயும்", "மாதத்தின் கடைசி வெள்ளி" என்பதையெல்லாம் அது புரிந்துகொள்ளும். 2015-இல் சீன, எபிரேய நாட்காட்டிகளின்படி திரும்பும் நாள்களையும் எழுத ஒரு விரிவு சேர்த்தார்கள். தைப்பூசத்துக்கு அதுவும் போதாது. மாதம் சூரியனைப் பார்த்து, நட்சத்திரம் சந்திரனைப் பார்த்து, இரண்டும் கூடுகிற நாள். ஆண்டுக்கு ஒருமுறை பஞ்சாங்கத்தையோ அரசாங்க விடுமுறைப் பட்டியலையோ பார்த்துக் கையால் போடுவதுதான் வழி. குனோங் சேரோ கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிற வீட்டில் விரத நாள்களையும் சேர்த்து எழுத வேண்டும், அந்த வாரம் இரவுப் படிப்பு நடக்காது.

சுல்தான் பிறந்தநாள் இதற்கு நேர் எதிர். பேராவில் அது நவம்பர் முதல் வெள்ளி. தேதி மாறும், விதி மாறாது. கூகுள் நாட்காட்டியில் இதற்குச் சின்ன வளைவு வேலை தேவை: ஆண்டுதோறும் என்று கேட்டால் அது தேதியைத்தான் பிடிக்கும், "12 மாதத்துக்கு ஒருமுறை, முதல் வெள்ளி" என்று மாதக் கணக்கில் கேட்டால் சரியாக வரும். இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, அவள்.

*

சமையலறைச் சுவரில் சீன மளிகைக்கடை கொடுத்த நாட்காட்டி இன்னும் தொங்குகிறது. பள்ளி விடுமுறைக்கு ஒரு வண்ணப் பட்டை, குதிரைப் பந்தய நாளுக்குச் சின்னக் குதிரை. ஈப்போவில் பேரா டர்ஃப் கிளப் நெடுங்காலமாக இருக்கிறது, குதிரை இல்லாத நாட்காட்டியை அந்தக் காலத்து ஆண்கள் வாங்கமாட்டார்கள். அண்ணி எரிவாயுத் தோம்பு மாற்றிய தேதியை அதில்தான் குறிக்கிறார். அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிவது அது ஒன்றுதான்.

*

என் அம்மா சங்காட் கிண்டிங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு. கிராணி பெயர் வாசிப்பார், செக்ரோலில் விழாத பெயருக்கு அன்றைய கூலி இல்லை. அதிகாலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால் நிரையில் இறங்கும் நேரம் மரம் சொன்னது, பெரட்டு நேரம் துரை சொன்னது, ஸ்டோரில் பால் நிறுத்துக் கொடுக்கும் நேரம் கிராணி சொன்னது. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் காசும் இல்லை. அம்மாவின் கையில் இருந்த நேரம் என்று ஒன்று கிடையாது. பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடிய நேரம்கூடப் பெரட்டுக்கு முந்திய நேரம்தான்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், பேத்தியின் கைப்பேசி அலறும்போதெல்லாம் அம்மா, "யாரு கூப்பிடுறா?" என்று கேட்கிறார். யாரும் கூப்பிடவில்லை பாட்டி, நானே வைத்தது என்கிறாள் இவள். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. தன்னைத் தானே யாராவது பெரட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்வார்களா?

கேள்வி நியாயமானது. நாட்காட்டியை யார் நிரப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அண்ணன் தனக்கும் அதில் எழுத அனுமதி வேண்டும் என்றார். கொடுத்தோம். ஒரே இரவில் காலை நாலரைக்கு "எழுந்து படி" என்று ஆண்டு முழுக்கத் திரும்ப வரும் பதிவு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணி நேரம் கூடுதல் கணிதம் ஒன்று. ஒரு வாரத்தில் அவள் அறிவிப்புகளை மொத்தமாக அணைத்துவிட்டாள். வேன், தமிழ் வகுப்பு, எல்லாம் சேர்ந்து ஊமையாயின.

பகிர்வதில் நாலு படி இருக்கிறது. நேரம் காலியா இல்லையா என்று மட்டும் காட்டுவது, விவரத்தோடு காட்டுவது, மாற்ற விடுவது, பகிரும் உரிமையையும் சேர்த்துக் கொடுப்பது. பதினேழு வயதுக்குப் பெற்றோருக்கு இரண்டாவது படி போதும் என்பது என் கட்சி. அண்ணன், "தம்பி, நீ செல்லம் குடுத்துக் கெடுக்குற" என்றார். அண்ணி வாயே திறக்கவில்லை, ஆனால் மறுநாள் நாலரைப் பதிவு காணாமல் போயிருந்தது. யார் அழித்தது என்று நான் விசாரிக்கவில்லை.

*

"வரலாறு, 1 மணி நேரம்." இப்படி ஒரு பதிவு. ஒரு அத்தியாயம், குறிப்பெடுப்பது, பயிற்சித் தாள், எல்லாம் ஒரு மணியில்!

மனிதர்கள் இதில் எப்போதும் கஞ்சத்தனம்தான். 1994-இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காகக் கனடாவில் ப்யூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் இறுதியாண்டு ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 34 நாள். எல்லாமே கோளாறாகப் போனால்? சுமார் 49 நாள். உண்மையில் ஆனது சராசரியாக 55.5. மோசமாகக் கற்பனை செய்து சொன்ன கணக்கைவிடவும் நிஜம் நீண்டது. பழைய அனுபவம் இருந்தும் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் கண்டது.

அதனால் ஒரு ஏற்பாடு. படித்து முடித்ததும் அந்தக் கட்டத்தைப் பிடித்து இழுத்து, உண்மையில் ஆன நேரத்துக்கு நீட்டிவிட வேண்டும். திட்டமிட்டதை அழிக்காமல், நடந்ததை எழுதுவது. சில வாரம் கழித்துப் பின்னோக்கிப் பார்த்தால் வரலாற்றுக் கட்டங்கள் எல்லாம் இரண்டு மணிக்கு மேல் நீண்டிருக்கின்றன, வேதியியல் பெரும்பாலும் சொன்னபடி முடிந்திருக்கிறது. இவளுக்கு வேதியியல் கடினம், வரலாறு எளிது என்பது வீட்டில் எல்லாரும் நம்பியது.

*

'இடம்' என்ற கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. நிரப்பச் சொன்னேன்: பாட்டி அறை, கோயில் மண்டபம், பள்ளி நூலகம். ஜெர்மானிய உளவியலாளர் கோல்விட்சரும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 1997-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுத ஒப்புக்கொண்ட மாணவர்களில், எப்போது எங்கே உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்பே குறித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். வீட்டில் மேசை ஒன்றே ஒன்று இருக்கும்போது, எங்கே என்பது எப்போது என்பதைவிடப் பெரிய கேள்வி.

*

பள்ளி கொடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. கல்வியமைச்சு 2020 ஜூனில் தொடங்கிய டெலிமா தளத்தின் வழியாக. ஆசிரியர் கூகுள் வகுப்பறையில் வீட்டுப்பாடம் கொடுத்து நாள் குறித்தால் அந்தக் கணக்கின் நாட்காட்டியில் தானாக விழும். வசதிதான். ஆனால் சொந்தத் திட்டத்தை அதில் வைக்க வேண்டாம், பள்ளிக் கணக்கு கல்லூரி வரை கூட வரும் என்று நம்பி இருக்கக் கூடாது. சொந்தக் கணக்கில் வைத்து, பள்ளியுடையதைப் பக்கத்தில் பார்த்துக்கொள்வதே மேல்.

இன்னொன்று: கூகுள் நாட்காட்டி முன்பு குறுஞ்செய்தியாகவும் நினைவூட்டும். 2019 ஜனவரியோடு அதை நிறுத்திவிட்டார்கள். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்தால் மற்றவர் செய்த மாற்றம் வந்து சேராது. தமிழ் வகுப்பு ரத்தான செய்தி அப்படித்தான் தாமதமாக வரும். அதனால் முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு ஒருமுறை பக்கத்து வீட்டு வைஃபையில் பார்த்துவிடுகிறாள், அவர்கள் அனுமதியோடுதான்.

*

தஞ்சோங் ரம்புத்தான் என்றால் நாட்டில் பாதிப் பேருக்கு 1911-இல் திறந்த மனநல மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். ஈப்போ வகுப்புத் தோழிகள் கிண்டல் செய்கிறார்களாம்: டென்ஷனா? உங்க ஊருலேயே இருக்கே! இவள் கோபப்படுவதில்லை. தூக்கத்தையும் நாட்காட்டியில் ஒரு கட்டமாகப் போட்டிருக்கிறாள், பத்தரை முதல் ஐந்தரை. வகுப்பில் அப்படிப் போட்டிருப்பது தான் ஒருத்திதான் என்றாள், கொஞ்சம் பெருமையாக.

*

இந்த ஆண்டு, 2026-இல், நவம்பர் 6 வெள்ளி, சுல்தான் பிறந்தநாள். 8 ஞாயிறு, தீபாவளி. ஞாயிறு என்பதால் 9 திங்களும் விடுமுறை. நான்கு நாள் சேர்ந்தாற்போல், எஸ்.பி.எம். காலத்தை ஒட்டி. அண்ணி அதில் வெள்ளிக்கிழமையை முறுக்குக்கும், சனிக்கிழமையை வீடு கழுவவும் கேட்கிறார். இவள் இரண்டு நாளையும் வேதியியலுக்கு என்கிறாள். பேரம் நடக்கிறது. இப்போதைக்கு முறுக்கு காலையில் என்று உடன்பாடு, மாவு பிசைவது முந்தைய இரவே. சனிக்கிழமைக் கட்டத்தில் இரண்டு தலைப்பு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது, ஒன்று அவள் போட்டது. மற்றொன்றை அவளிடமே கைப்பேசியை வாங்கி அண்ணி போட்டார், தமிழில், பெரிய எழுத்துப் பிழையோடு. அதைத் திருத்த வேண்டாம் என்று இவள் சொல்லிவிட்டாள்.